சம்பந்திக்குச் சொன்ன சம்மதம்

1

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு தமிழில் எழுதியது என்றால் வீட்டுக்குப் போட்ட கடிதங்களும் கடைக்குக் கொண்டுபோகும் சாமான் எழுதிய துண்டுகளும்தான். ழகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம் வந்திருந்தால் நீங்களே மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். என் மனைவி சந்திரா பத்தாம் வகுப்பு வரை போனவள். பிழை திருத்தித் தருகிறேன் என்று இருந்தாள். ஒரு பக்கம் திருத்திவிட்டு, "இதுக்கு நானே புதுசா எழுதியிருக்கலாம்" என்று பேனையை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். ஆகவே மிச்சப் பிழைகள் எல்லாம் என்னுடையவை.

போன மாதம் மகள் நிரோஷாவின் கலியாணம் நடந்தது. படங்களைத் திருகோணமலையில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்பினோம். சேலை நல்லாயிருக்கு, மாப்பிள்ளை வடிவு என்று எழுதிய எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை என்ன ஆள், என்ன சமயம், தகப்பனை ஒரு படத்திலும் காணவில்லையே. என் அண்ணன் தொலைபேசியில் சொன்னார்: "நீ ஒவ்வொருத்தருக்கும் எடுத்துச் சொல்லப்போறேல்ல. உனக்கு வாய் வராது. எழுதி அனுப்பு, ஊர்ச் சங்க மலரில போடுவம். எல்லாரும் ஒண்டாப் படிக்கட்டும்."

அவர் சொன்னது சரி. எனக்கு வாய் வராது. பிராண்டே என்ற இந்தச் சின்ன நகரத்தில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நீளமான அச்சுக்குள் கண்ணாடி நார்த் துணியைச் சுருக்கம் விழாமல் விரிக்கிற வேலை. இத்தனை வருடத்தில் டேனிஷ்காரரோடு நான் அதிகம் பேசிய சொற்கள் யா, அதாவது ஓம், தக், அதாவது நன்றி, பிறகு நாளைக்குப் பார்ப்பம். அதுவே போதுமாக இருந்தது, இந்தக் கலியாணம் வரும்வரை.

2

நிரோஷா பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். இரண்டு பக்கமும் விளங்கிக்கொள்வோம், ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். கோபம் வந்தால் என்னை "ஃபார்" என்பாள். அது டேனிஷில் அப்பா. மனம் நல்லாயிருந்தால் "அப்பா". ஆகவே அவள் வாய் திறந்த உடனேயே எனக்குக் காலநிலை தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நவீத்தை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் படித்த எஞ்சினியர். சொந்த இடம் ஈரான். தாயோடு ஹோர்சன்ஸில் இருக்கிறான். சந்திரா இடியப்பத்தை வைத்துக்கொண்டே என்னிடம் தமிழில், "முஸ்லிமோ எண்டு கேளுங்கோவன்" என்றாள். நான் கேட்கவில்லை. நிரோஷா அதை அப்படியே டேனிஷில் அவனிடம் கேட்டுவிட்டாள்.

நவீத் கையில் இருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "இல்லை, நான் பஹாய்" என்றான்.

அப்படி ஒரு சமயத்தை நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவன் நிதானமாகச் சொன்னான். ஈரானிலேயே தோன்றிய சமயமாம். கடவுள் ஒருவர், எல்லாச் சமயத்துப் பெரியவர்களும் அவரிடம் இருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கையாம். கிருஷ்ணரையும் அப்படியே மதிக்கிறோம் என்றான். சந்திராவின் முகம் தெளிந்துவிட்டது. "கிருஷ்ணரைத் தெரிஞ்சிருக்கு. முருகனைப் பிறகு பாப்பம்" என்று இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

ஊரில் படிக்கிறவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஈரானில் ஆட்சி மதத் தலைவர்களின் கையில் இருக்கிறது. கிறிஸ்தவர், யூதர், பழைய பாரசீகச் சமயத்தார் என்று மூன்று சிறுபான்மையைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறது. பஹாய்களை ஏற்பதில்லை. ஆகவே அவர்களுக்குப் பல்கலைக்கழகம் இல்லை, அரசாங்க வேலை இல்லை. செத்தவர்களைப் புதைத்த இடத்தையும் சில ஊர்களில் இடித்துவிட்டார்களாம். நவீத் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன். பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை என்றதும் தாய் அவனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். தகப்பன் வரவில்லை. ஷிராஸ் நகரத்தில் அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. படுக்கையில் கிடந்த தன் தகப்பனை விட்டுவர அவருக்கு மனம் இல்லை. அந்த முதியவர் போன பிறகும், பழகிய சனத்தை விட்டுவர மனம் இல்லை.

அந்தக் கடைக்கு நடந்ததை நவீத் சிரித்துக்கொண்டே சொன்னான். தங்கள் சமயத் திருநாளில் தகப்பன் ஒரு நாள் கடையைப் பூட்டினார். ஏன் பூட்டினாய் என்று கேட்டு, அதற்குத் தண்டனையாக அதிகாரிகள் வந்து கதவில் முத்திரை ஒட்டிக் கடையைப் பூட்டிவிட்டார்கள், ஆறேழு மாதமாக இன்னும் திறக்கவிடவில்லை.

"ஒரு நாள் பூட்டினது பிழை எண்டு ஆறேழு மாசம் பூட்டினவையோ?" என்று சந்திரா கேட்டாள்.

"ஓம்" என்றான் நவீத், தமிழில். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அன்றைக்கு அதுதான். சரியான இடத்தில் போட்டான்.

3

சில கிழமை கழித்து நவீத்தின் தாய் வந்தார். பெயர் மினா. சந்திரா கதவைத் திறந்து பெயரைக் கேட்ட உடனே, "மீனாவோ, அது எங்கட பேரெல்லோ" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பிறகு இரண்டு பேரும் குசினிக்குள். ஒருத்தி அரைகுறை டேனிஷ், மற்றவர் நல்ல டேனிஷ், சிரிப்புச் சத்தம் மட்டும் ஒரே மொழியில் கேட்டது. மினா குங்குமப்பூப் போட்ட இனிப்பும் பிஸ்தாவும் கொண்டுவந்திருந்தார்.

சாப்பிட்ட பிறகு மினா நிமிர்ந்து உட்கார்ந்து, டேனிஷில் மெல்லச் சொன்னார்: "எங்கட சமயத்தில பெற்றோர் கலியாணம் பேசுறதில்ல. பிள்ளைகள்தான் தெரிவு செய்யவேணும். ஆனா தெரிவு செய்த பிறகு, உயிரோட இருக்கிற தாய் தகப்பன் நாலு பேரும் மனதார சம்மதம் சொல்லவேணும். ஒருத்தர் மாட்டன் எண்டாலும் கலியாணம் இல்ல. ஏன் எண்டு நாங்கள் காரணம் கேக்கமாட்டம். எனக்குச் சம்மதம். சந்திரா?"

"எனக்கும் சம்மதம்" என்றாள் சந்திரா, டேனிஷில், ஒரு பிழையும் இல்லாமல்.

மினா என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "பிள்ளையின்ர விருப்பம்தான் எங்கட விருப்பம்."

வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுடைய ஆட்களில் ஒரு பெண்ணின் தகப்பன் இந்த வசனத்தைச் சொன்னால் அதற்கு மேல் சம்மதம் கிடையாது. இதைக் கேட்டு ஆட்கள் எழும்பி நின்று கைகொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். நேராகச் சம்மதம் என்று சொல்வது, பெண்ணைத் தள்ளிவிட அவசரப்படுகிற மாதிரி இருக்கும். சந்திரா பழமும் குங்குமமும் சட்டைத் துணியும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். மினாவின் நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். எங்கள் கணக்கில் காரியம் முடிந்தது.

நான் அவரைக் காரில் ஹோர்சன்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. சம்பந்தியம்மாவோடு தனியாக என்ன கதைப்பது. மரியாதையாக வீதியைப் பார்த்து ஓட்டினேன். இறங்கும்போது மினா நன்றி சொன்னார், கொஞ்சம் சோர்ந்த குரலில். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

4

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே சந்தோசம். சந்திரா கோயில் ஐயரிடம் நாள் கேட்டாள். நான் மண்டபம் பார்த்தேன். மண்டபக்காரன் என்னைச் சின்னத்தம்பி என்று கூப்பிட்டான். அது என் அப்பாவின் பெயர். இங்கே வந்த நாளில் காகிதத்தில் எது முன், எது பின் என்று தெரியாமல் எழுதியதில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. ஓல்போர்க்கில் நோயாளிகள் என் மகளையும் சின்னத்தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊரை விட்டு ஒருநாளும் வெளியே போகாத மனிதர், இப்போது டென்மார்க் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்.

நிரோஷாவின் குரல்தான் தொலைபேசியில் சரியில்லாமல் இருந்தது. மண்டபம் பார்த்தோம் என்று நாங்கள் சொன்னால், "எதுக்கு இப்ப" என்பாள். வேலைக் கஷ்டம் என்று விட்டுவிட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சப்பாத்தும் கழற்றவில்லை.

"ஃபார், நவீத்தில உங்களுக்கு என்ன பிடிக்கேல்ல?"

"ஆர் சொன்னது பிடிக்கேல்ல எண்டு?"

"மினா வந்து கேட்டவ. நீங்கள் பதில் சொல்லேல்ல. கார்லயும் வாயே திறக்கேல்லயாம். அவ வீட்ட போய் அழுதிருக்கிறா."

"நான் சொன்னனான்தானே."

"என்ன சொன்னனீங்கள்?"

"பிள்ளையின்ர விருப்பம்தான் எங்கட விருப்பம் எண்டு."

"அது என்ர விருப்பம்" என்றாள் நிரோஷா. "உங்கட விருப்பம் என்ன?"

நான் சந்திராவைப் பார்த்தேன். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அவள் கைகொடுப்பாள். அன்றைக்குக் கொடுக்கவில்லை.

"என்னைப் பாக்காதேங்கோ. எனக்குக் கலியாணம் பேசிப் போட்டோ அனுப்பினபோதும் இந்த மனுசன் இப்பிடித்தான். 'அண்ணை சொன்னாச் சரி' எண்டு எழுதினவர். என்னைப் பிடிச்சிருக்கோ எண்டு இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்ல. நான் இன்னும் அண்ணையின்ர சம்மதத்திலதான் குடும்பம் நடத்திறன்."

நிரோஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, கதிரையில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் முழுக் கதையும் சொன்னாள். நவீத்தின் தகப்பனுக்குச் சிறைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்துவிட்டது. பஹாய்களின் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தது குற்றமாம். அடுத்த கிழமை போயாக வேண்டும். உள்ளே போன பிறகு எப்போது தொலைபேசி கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாது. போவதற்கு முன் மகனின் கலியாணம் நடக்குமா இல்லையா என்று தெரிந்துகொண்டு போக அவர் ஆசைப்படுகிறார். மூன்று பேரின் மனம் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது என்னுடையது மட்டும்.

"அதுக்கென்ன, ஓம் எண்டு அவைக்குச் சொல்லிவிடு" என்றேன்.

"நான் சொல்ல ஏலாது, அப்பா. நீங்கள்தான் சொல்லவேணும். பொய்யாவும் சொல்லக்கூடாது. இல்லை எண்டு நினைச்சால் இல்லை எண்டு சொல்லுங்கோ. நாங்கள் செய்யமாட்டம்."

5

அடுத்த நாள் சனிக்கிழமை மேலதிக வேலை இருந்தது. அச்சுக்குள் குனிந்து துணியை விரித்துக்கொண்டு யோசித்தேன். இது நல்ல வேலை யோசிக்க. கை தன்பாட்டில் போகும்.

பிள்ளையின் விருப்பம் என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. ஆனால் என் விருப்பம் என்னவென்று நான் என்னைக் கேட்கவும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. ஊரை விட்டு வெளிக்கிட்டது அம்மா சொல்லி. டென்மார்க் வந்தது ஏஜென்சிக்காரன் சொல்லி. பிராண்டேக்கு வந்தது கொம்மூன், அதாவது இந்த ஊர் நகரசபை, வீடு தந்ததால். ஐம்பது வயது தாண்டிய பிறகு முதல் முறையாக ஒரு சனம் என்னிடம் வந்து, உன் மனதில் என்ன இருக்கிறது, நீ மாட்டேன் என்றால் நாங்கள் நிறுத்திவிடுவோம் என்கிறது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இடைவேளையில் வரதனிடம் சொன்னேன். என்னோடு பல வருடம் ஒரே அச்சில் வேலை செய்கிறவன், யாழ்ப்பாணத்தான், வாய் மூடாதவன்.

"மச்சான், சொந்த நாட்டிலயே பிடிக்காத ஆக்கள்" என்றான் வரதன். "அங்க பிடிச்சு உள்ளுக்குப் போடுறான். நாங்கள் ஏன் அந்த வில்லங்கத்தை வீட்டுக்குள்ள எடுக்கவேணும்? நாளைக்கு உன்ர பேரப்பிள்ளை தாத்தாவைப் பாக்கப் போகேலுமோ?"

அவன் கேட்டது என் மனதிலும் கிடந்த கேள்விதான். ஒரு பயத்தில் இருந்து ஓடி வந்தவன், இன்னொரு பயத்தோடு சம்பந்தம் வைப்பதா.

ஆனால் அந்த "பிடிக்காத ஆக்கள்" என்ற சொல் என்னைத் திரும்பவும் ஊருக்குக் கொண்டுபோய்விட்டது. ஊரில் இராணுவச் சோதனைச் சாவடி வரும்போது பஸ்ஸுக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தமிழர் என்று தெரியாமல் இருக்கப் பெண்கள் பொட்டை அழிப்பார்கள். நாங்கள் சேட்டுக் கையால் திருநீற்றைத் துடைப்போம். யாரும் யாரையும் பார்க்கமாட்டோம். சாவடி தாண்டியதும் ஒருவர் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்து, "வேர்வையிலயே போயிட்டுது" என்பார், பஸ் முழுக்கச் சிரிக்கும். அதே ஊரில் எங்கள் ஆட்களுக்குப் பயந்து முஸ்லிம் குடும்பங்கள் அடுப்பில் உலையோடு வீட்டை விட்டுப் போனதையும் கண்டிருக்கிறேன். அப்போது நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை. பிடிக்காத ஆட்கள் என்று ஒரு கூட்டத்தைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்தக் கூட்டத்தில் இன்றைக்கு அவர்கள், நேற்று நாங்கள்.

நவீத்தை நினைத்தேன். வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை கோயில் திருவிழாவுக்கும் வந்தவன், அன்னதானம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே பெரிய கிடாரங்களைக் கழுவ நின்றான். கரி பிடித்த கையோடு என்னிடம் வந்து, காவடி எடுக்கிறவர்களுக்கு நோகாதா என்று கேட்டான். நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான். வீதியில் பொலிஸ்காரன் காரை மறித்துத் தேருக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தான். "எங்கட ஊர்ல நாங்கள் வீட்டுக்குள்ள கூடிப் பிரார்த்திக்கேக்க பொலிஸ் வந்தா, கதிரையை ஒதுக்கி, வெறும் தேத்தண்ணி குடிக்க வந்த ஆக்கள் மாதிரி இருப்பம்" என்றான் நவீத். அவனை எனக்குப் பிடித்துவிட்டது அந்த நேரத்தில்தான். பிடித்துவிட்டது என்பது துணி விரித்துக்கொண்டிருந்த இந்தச் சனிக்கிழமைதான் எனக்கே தெரிந்தது.

"என்ன மச்சான், முடிவெடுத்திட்டியோ?" என்றான் வரதன்.

"ஓம்" என்றேன்.

"என்னெண்டு?"

"முதல்ல அவருக்குச் சொல்லவேணும். பிறகு உனக்கு."

வரதன் வாயை மூடியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹோர்சன்ஸில் மினாவின் வீட்டுக்குப் போனோம். நான் கலியாண வீட்டுக்குப் போடுகிற சேட்டைப் போட்டிருந்தேன். மினா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, கணவரைத் தொலைபேசியில் எடுக்கும் முன் குசினி வாசலில் நின்று மெல்லச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லமாட்டார், யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தெரியாது, ஆகவே நான் சொல்கிறேன் என்றார்.

"விசாரிக்கிறவை அவரிட்டக் கேட்டது பெரிசா ஒண்டுமில்ல. நான் பஹாய் இல்லை எண்டு ஒரு வசனம். அதைச் சொன்னால் கடை திறக்கும், வீட்ட இருக்கலாம். மனசுக்குள்ள என்னவும் வைச்சுக்கொள், வாயால சொல்லு, போதும் எண்டவை. அவர் சொல்லேல்ல. அதால எங்கட வீட்டில வாயால சொல்லுறது கொஞ்சம் பெரிய விசயம். உங்கள வற்புறுத்தினதா நினைக்காதேங்கோ."

நான் தலையாட்டினேன். பிறகு அது போதாது என்று நினைத்து, "விளங்குது" என்றும் சொன்னேன்.

திரையில் அவர் வந்தார். பெயர் பெஹ்ரூஸ். என் வயது இருக்கும். நரைத்த மீசை, நீலச் சேட்டு, டை கட்டியிருந்தார். அங்கே டை கட்டுவதையும் மேலே இருக்கிறவர்கள் பெரிதாக விரும்பமாட்டார்களாம். எனக்காகக் கட்டினாராம். அவர் பாரசீகத்தில் சொல்ல மினா டேனிஷில் சொன்னார், எனக்கு விளங்காததை நிரோஷா தமிழில் சொன்னாள். மூன்று மொழி தாண்டி வந்த முதல் வசனம் இது:

"உங்கட கண்ணாடி கோணலா நிக்குது."

நான் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன்.

"கழற்றுங்கோ. மேசையில தலைகீழா வையுங்கோ. இடது காது பக்கம் தூக்கி நிக்குதே? அதை விரலால மெல்லமாக் கீழ வளையுங்கோ. மெல்ல, மெல்ல. இது உங்கட தொழிற்சாலை இறக்கை இல்ல."

வளைத்துப் போட்டேன். இரண்டு வருடமாக மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, திருப்தியாக உட்கார்ந்தார். "கடைதான் பூட்டிக் கிடக்குது. என்னை இன்னும் பூட்டேல்ல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிரோஷா தன் விரல்களைப் பார்த்தாள்.

டேனிஷில் சொல்ல ஒரு வசனம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அது வரவில்லை. தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நான் வடிவாக் கதைக்கத் தெரியாத ஆள். போனமுறை நான் சொன்னது எங்கட முறையில சம்மதம்தான். ஆனா அது என்ர வாயால வரேல்ல. இப்ப சொல்லுறன். உங்கட மகனை எனக்குப் பிடிச்சிருக்கு. என்ர மகளை அவனுக்குக் குடுக்க எனக்கு முழுச் சம்மதம். ஆரும் சொல்லிச் சொல்லேல்ல."

நிரோஷா அதை டேனிஷில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பச் சொன்னாள். மினா பாரசீகத்தில் சொன்னார். பெஹ்ரூஸ் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.

நிமிர்ந்ததும் முகத்தை மிகக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரி. ஆனா என்னை உங்கட பக்கத்தில ஒருத்தரும் கேக்கேல்லயே. நாலு பேர் எண்டால் நானும் ஒரு ஆள்."

நான் பதறிப்போனேன். சந்திரா என் முழங்கையில் இடித்தாள். "கேளுங்கோப்பா."

கேட்டேன். "என்ர மகளை உங்கட வீட்டுக்கு எடுக்கச் சம்மதமோ?"

அவர் மீசையைத் தடவினார். கூரையைப் பார்த்தார். மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இவனுக்கா என்பது மாதிரி. நவீத் கும்பிட்டான், எங்களிடம் பழகிய பழக்கம். கடைசியில் அவர் ஒரே ஒரு சொல் சொன்னார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சந்திரா, "பழகிப்போட்டீங்கள்தானே. எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றாள். சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. மலரை என் அண்ணனும் படிப்பார்.

அந்தக் கிழமையே பெஹ்ரூஸ் சிறைக்குப் போனார்.

7

கலியாணப் பதிவு கொம்மூனில். கரும்பலகை மாதிரிக் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் அதிகாரி. சமயம் என்ன என்று கேட்பாள், நவீத் பஹாய் என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்கவேண்டும் என்று நான் முன்னால் போய் நின்றேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. யாருடைய குடும்பப் பெயரை எடுக்கிறீர்கள் என்றுதான் கேட்டாள். இரண்டும் என்றார்கள். ஆகவே ஈரானில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரரின் மகன் இப்போது சின்னத்தம்பி.

அடுத்த நாள் மண்டபத்தில் ஐயர் தாலி கட்டவைத்தார். தாலிக்கு முன் பஹாய் முறை. அதற்கு ஓமமும் இல்லை, குருவும் இல்லை. இரண்டு சாட்சிகளின் முன்னால் மாப்பிள்ளை ஒரு வசனம், பொம்பிளை ஒரு வசனம், கடவுளின் விருப்பப்படி நடப்போம் என்ற கருத்தில். அவ்வளவுதான். ஐயர் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதோ?" என்றார், கொஞ்சம் பொறாமையாக. மினாவின் பக்கத்தை மதித்து ஒரு சொட்டும் மதுபானம் வைக்கவில்லை. என்னோடு வேலை செய்கிற டேனிஷ்காரர் மோரைக் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு வரிசையில் நான் தண்ணீர்ப் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு பேர் கதைப்பது கேட்டது. எங்களுடைய ஆட்கள்தான், நல்லவர்கள்தான்.

"மாப்பிள்ளையின்ர தகப்பன் எங்க?"

"விட்டிட்டுப் போட்டாராம். அந்த மனுசி தனிய வளர்த்ததாம்."

மினா இரண்டு மேசை தள்ளிச் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

வழக்கமாக நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். போத்தலை அடுக்கியிருப்பேன். அன்றைக்குக் கால் தன்பாட்டில் மேடைக்குப் போனது. அறிவிப்புச் செய்துகொண்டிருந்த வரதனிடம் கையை நீட்டினேன். அவன் ஒலிவாங்கியைத் தராமல், "என்ன மச்சான், கார் ஏதும் எடுக்கச் சொல்லவேணுமோ?" என்றான். வாங்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். ஒரு குழந்தை அழுதது. "என்ர சம்பந்தி பெஹ்ரூஸ் இண்டைக்கு இங்க இல்ல. அவர் குடும்பத்தை விட்டிட்டுப் போகேல்ல. ஈரானில சிறையில இருக்கிறார். களவெடுக்கேல்ல, ஒருத்தரையும் அடிக்கேல்ல. அவற்ற சமயத்தை இல்லை எண்டு சொல்லச் சொன்னவை, அவர் சொல்லேல்ல. பல்கலைக்கழகம் போகவிடாத பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவர். அதுதான் குற்றம். அவர் எனக்குச் சம்பந்தி. இதை எல்லாருக்கும் சொல்லவேணும் எண்டு நினைச்சன். சாப்பிடுங்கோ."

நிரோஷா போய் மினாவின் காதில் டேனிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். மினா கையால் வாயை மூடிக்கொண்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒலிவாங்கியின் பொத்தானைத் தேடினேன்.

அப்போது முன் வரிசையில் இருந்த எங்கள் பக்கத்து வீட்டு செல்வமக்கா எழும்பிக் கேட்டார், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி: "தம்பி, அங்க அவருக்குச் சாப்பாடு ஒழுங்காக் குடுப்பினமோ?"

நிரோஷா அதையும் மினாவுக்குச் சொன்னாள். மினா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார், அவள் தமிழில் திருப்பிச் சொன்னாள்: "சோறு குடுப்பினமாம். நல்லா இருக்காதாம்."

"அப்ப அவர் வெளியில வந்த உடன இங்க கூப்பிடுங்கோ" என்றார் செல்வமக்கா. "விசா எடுக்கிறது உங்கட பாடு. சமையல் நாங்கள் பாப்பம்."

உடனே என்ன சமைப்பது என்பதில் இரண்டு மேசைக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. போன கிழமை பெஹ்ரூஸுக்குச் சிறையில் இருந்து சில நிமிடம் கதைக்க விட்டிருக்கிறார்கள். மினா அவ்வளவு நேரத்தையும் இந்த வாக்குவாதத்தைச் சொல்லியே முடித்துவிட்டாராம். அவர் நண்டுக் கறியின் பக்கம் நிற்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

பிராண்டே, டென்மார்க்
2024 ஆவணி 25, ஞாயிற்றுக்கிழமை